வாய் முந்துகிறது, குரல் பிந்துகிறது

கல்யாணக் காஸெட்டைப் பீரோவின் மேல் தட்டில், பட்டுப் புடைவைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் எல்லாரும் இப்போது அதை எடுத்துத் தூசி தட்டிக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம். நாடாவும் நிரந்தரமில்லை, அதை ஓட்டிக் காட்டும் பெட்டியும் நிரந்தரமில்லை. கடைசிவரை வி.ஸி.ஆர். செய்து கொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாய், 2016 ஜூலையில் அந்த வேலையை நிறுத்திக் கொண்டது. இனி இருக்கிற பழைய பெட்டிகளை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

ஆனால் மாற்றிக் கொண்டு வந்த பிறகு ஒரு தொந்தரவு கிளம்புகிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: “எங்கள் கல்யாணத்தில் அப்பா மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசியிருக்கிறார். அவர் குரல் எங்களிடம் வேறு எதிலுமே இல்லை. கடையில் கொடுத்து மாற்றி வாங்கினோம். ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. போகப் போக, அப்பா வாயை மூடிய பிறகு சத்தம் வருகிறது. அம்மா, ‘இது அவர் பேசற மாதிரியே இல்லேடி’ன்னு எழுந்து போயிடறாங்க. கடைக்காரர், ‘டேப்பே அப்படித்தாம்மா’ என்கிறார். இதற்கு வழி உண்டா?”

உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மா ஏன் எழுந்து போனார் என்பதைச் சொல்லி விடுகிறேன். ஏனென்றால், “வீட்டு மனிதர்கள் பார்க்கிற படம்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?” என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. என் மகனே அந்தக் கட்சிதான்.

நாம் பேச்சைக் காதால் மட்டும் கேட்பதில்லை, கண்ணாலும் கேட்கிறோம். 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ‘பா’ என்ற சத்தத்தை எடுத்து, ‘கா’ என்று உச்சரிக்கும் வாயின் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ‘பா’வும் கேட்கவில்லை, ‘கா’வும் கேட்கவில்லை. ‘டா’ என்று கேட்டது! கண்ணை மூடிக் கொண்டால் பழையபடி ‘பா’. கண் பார்த்ததையும் காது கேட்டதையும் மூளை கலந்து பிசைந்துதான் நமக்கு ஒரு கவளமாகக் கொடுக்கிறது.

வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காது மந்தமாகும்போது முதலில் போவது உயர்ந்த சுருதியில் வரும் சத்தங்கள். ‘அ’, ‘ஓ’ மாதிரி உயிரெழுத்துகள் காதில் விழும்; ச, த, க போன்றவை மங்கிப் போகும். அதனால்தான் பெரியவர்கள், “நீ பேசறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை” என்கிறார்கள். விட்டுப் போனதை நம் வாயைப் பார்த்து நிரப்பிக் கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால், வாய் ஒரு வார்த்தையும் குரல் வேறு வார்த்தையுமாக ஒரு படத்தைப் போட்டால் என்ன ஆகும்? உதவிக்கு வர வேண்டிய கண்ணே காலை வாரி விடும்.

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். 2016-ல் மாமனாருக்குச் சதாபிஷேகம் நடந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்த பிறகு கூடத்தில் எழுந்து நின்று ஐந்து நிமிஷம் பேசினார். மைத்துனர் மகன் ஒருவன் செல்போனில் பிடித்து, போட்டோக்கள், நாதஸ்வரம் எல்லாம் சேர்த்து 24 நிமிஷப் படமாகத் தொகுத்துக் கொடுத்தான். மாமனார் 2019-ல் போய்விட்டார். வருஷத் திதிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அதைப் போட்டோம். பேச்சு வருவது படத்தின் கடைசியில். அவர் பேசி முடித்து, கையைக் கூப்பி, நாற்காலியில் உட்காரவும் உட்கார்ந்து விட்டார். பேச்சு இன்னும் வந்து கொண்டிருக்கிறது! குழந்தைகள் சிரித்து விட்டன. மாமியாருக்குக் காதில் மெஷின். அவர் சிரிக்கவில்லை. டி.வி.க்குக் கிட்டே போய் நின்று பார்த்துவிட்டு, “அவர் வாயைப் பார்த்தாத்தாம்மா எனக்குக் காது கேக்கும். இதுல ஒண்ணும் புரியலையே, என்ன சொல்றார்?” என்று என்னைக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. புருஷன் பேச்சை மருமகள் மொழிபெயர்த்துச் சொல்வதா?

அடுத்த வாரமே சரி செய்ய உட்கார்ந்தேன். “இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சமாசாரம்” என்று ஒதுங்கி விடாதீர்கள், சகோதரிகளே. கட்டம் போட்ட துணியில், தையல் வரும் இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர்த்துத் தைத்திருக்கிறீர்கள் அல்லவா? இதுவும் அந்த வேலைதான். படம் ஒரு துணி, சத்தம் ஒரு துணி.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். குற்றம் படத்தில்தானா, அல்லது பார்க்கிற பெட்டியிலா? புளூடூத் ஸ்பீக்கரிலோ, கம்பியில்லாத ஹெட்ஃபோனிலோ கேட்டால், சத்தம் காற்றில் ஏறி வந்து சேர்வதற்குள் கொஞ்சம் தாமதம் ஆகும். கால் விநாடிகூட ஆகலாம். அந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே, கம்பி போட்ட ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் படம் பத்தரை மாற்றுத் தங்கம். அதில் கை வைக்க வேண்டாம். டி.வி.யில் ஸவுண்ட்பார் மாட்டியிருக்கிறவர்களுக்கு இதற்கு நேர்மாறாகச் சத்தம் முந்திக் கொண்டு வரும். ஏனென்றால் டி.வி. படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக் கொள்கிறது. அதற்கு ஸெட்டிங்கில் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் ஸிங்க்’ என்று ஒன்று இருக்கும். அதைக் கூட்டினால் போதும். நல்ல படத்தை எடுத்து வைத்துக் கொண்டு இரண்டு நாள் வெட்டி ஒட்டிக் கெடுத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

படத்தில்தான் குற்றம் என்று தெரிந்து விட்டதா? இப்போது நோய் என்னவென்று பார்க்க வேண்டும். கடிகாரத்தில் இரண்டு வகைக் கோளாறு உண்டு. ஒன்று, ஐந்து நிமிஷம் பின்னால் வைத்த கடிகாரம். அது காலையிலும் ஐந்து நிமிஷம் பின்னால், ராத்திரியும் ஐந்து நிமிஷம் பின்னால். முள்ளைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, மெதுவாக ஓடுகிற கடிகாரம். காலையில் சரியாக வைத்தாலும் சாயங்காலம் பிந்தி நிற்கும். அதற்கு முள்ளைத் திருப்பிப் பிரயோசனமில்லை. நம் வீடியோவும் இப்படித்தான். ஆரம்பத்தில் ஒரு இடம், நடுவில் ஒரு இடம், கடைசியில் ஒரு இடம், மூன்றிலும் யாராவது பேசுவதைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் முதல் ஜாதி. போகப் போக வளர்ந்தால் இரண்டாம் ஜாதி. இந்த ஒரு பரீட்சையைச் செய்யாமல் வேலையை ஆரம்பிக்கவே கூடாது. கடைசியில் சரி செய்தால் முதலில் கெடும், முதலில் சரி செய்தால் கடைசியில் கெடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திட்டிக் கொண்டு படுக்கப் போக வேண்டியதுதான்.

எவ்வளவு விலகல் என்று அளப்பதற்குச் செலவில்லாத ஒரு யுக்தி இருக்கிறது. வி.எல்.சி. என்ற இலவச ப்ளேயரை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் கொள்ளலாம். அதில் படத்தை ஓட்டிக் கொண்டே கீ-போர்டில் ‘ஜே’ எழுத்தைத் தட்டினால் சத்தம் முன்னால் நகரும். ‘கே’ தட்டினால் பின்னால் நகரும். ஒரு தட்டுக்கு 50 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு. வாயும் குரலும் சேருகிறவரை தட்டிக் கொண்டே போய், எத்தனை தட்டு என்று எண்ணிக் கொள்ளுங்கள். எட்டுத் தட்டு என்றால் 400 மில்லி விநாடி. இது படத்தை மாற்றாது, மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடும். ஆனால் தைப்பதற்கு முன்னால் இஞ்சு டேப் வைத்து அளந்த மாதிரி, கையில் ஒரு கணக்கு வந்து விடுகிறது.

முதல் ஜாதிக்கு வைத்தியம் சுலபம். நான் உபயோகிப்பது ஷாட்கட் என்ற இலவச ஸாஃப்ட்வேர். படத் துண்டின் மேல் மௌஸின் வலது பட்டனை அழுத்தினால் வருகிற பட்டியலில் ‘டிடாச் ஆடியோ’ என்று இருக்கும். சத்தம் தனியாகக் கழன்று கீழ்வரிசையில் வந்து உட்காரும். அதைப் பிடித்து வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டியதுதான். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். காந்தம் மாதிரி ஒரு படம் போட்ட பட்டன் இருக்கும். அது போட்டிருந்தால் துண்டு பக்கத்துத் துண்டின் விளிம்பில் போய் ஒட்டிக் கொள்ளும், கொஞ்சமாக நகர்த்த விடாது. அணைத்து விடுங்கள். ‘ரிப்பிள்’ என்ற பட்டனையும் அணைத்து விடுங்கள். அது போட்டிருக்கும்போது ஒரு வரிசையில் ஒரு துண்டை வெட்டினால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சரிந்து வந்துவிடும். “நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று பாதிக்கு மேல் எல்லாம் விலகி விட்டது” என்று எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ரிப்பிள்தான் வில்லன்.

நகர்த்தினால் போதுமா, எங்கே பொருத்துவது? சினிமாக்காரர்கள் ஷாட் ஆரம்பத்தில் கட்டையைத் தட்டுகிறார்களே, அது இதற்காகத்தான். கட்டை சேர்கிற படமும், ‘டக்’ என்கிற சத்தமும் ஓர் இடத்தில் விழ வேண்டும். நம் வீட்டு விசேஷத்தில் யார் கட்டை தட்டினார்கள்? ஆனால் நம் வீட்டிலும் கட்டை உண்டு. தேங்காய் உடைப்பது, ஜால்ராவின் முதல் தட்டு, கைதட்டல், தரையில் வைத்த பாத்திரம். சத்தத்தின் வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் ஊசி நட்ட மாதிரி ஒரு கோடு நிமிர்ந்து நிற்கும். தேங்காய் கல்லில் படுகிற படத்தைத் தேடி நிறுத்தி, ஊசிக் கோட்டை அதன் நேரே கொண்டு வாருங்கள்.

தேங்காயும் இல்லையென்றால் தமிழ் இருக்கிறது. பகரத்தையும் மகரத்தையும் இரண்டு உதடும் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். தொல்காப்பியத்திலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ப்’பில் உதடு மூடும், ஒரு கணம் மௌனம், உதடு திறக்கிறபோது ‘பா’ வெடித்துக் கொண்டு வரும். சத்தத்தின் கோட்டிலும் அப்படியே ஒரு சின்னப் பள்ளம், அடுத்து ஒரு மேடு தெரியும். உதடு திறக்கிற படத்துக்கு நேரே அந்த மேட்டை நிறுத்தி விட்டால் போதும். எங்கள் மாமனார் பேச்சை, “அப்பா காலத்துல…” என்று அவர் ஆரம்பித்த இடத்தை வைத்துத்தான் பொருத்தினேன்.

நூலிழை பிசகாமல் வர வேண்டும் என்று கண்ணைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம். டெலிவிஷன்காரர்களுக்காக 1998-ல் சர்வதேசத் தொலைத் தொடர்பு யூனியன் ஒரு அளவு சொல்லியிருக்கிறது. சத்தம் 45 மில்லி விநாடிக்கு மேல் முந்தினாலோ, 125 மில்லி விநாடிக்கு மேல் பிந்தினாலோதான் மனிதர்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. முந்துவதை நாம் பொறுப்பதில்லை, பிந்துவதைக் கொஞ்சம் பொறுத்துக் கொள்கிறோம். கவனித்தீர்களா? காரணம் நாம் பிறந்ததிலிருந்து பழகியது. சத்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மண்டபத்தின் அந்தக் கோடியில், 34 மீட்டர் தள்ளி ஒருவர் பேசினால், குரல் நம்மிடம் வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிடுகிறது. மின்னலுக்கு அப்புறம்தான் இடி. இடிக்கு அப்புறம் மின்னலை யாரும் பார்த்ததில்லை. அதனால் இரண்டு படத்துக்கு நடுவில் எதில் வைப்பது என்று தடுமாறினால், குரலைப் பின்னால் உள்ள படத்தோடு வையுங்கள்.

இரண்டாம் ஜாதிக்கு வருவோம். செல்போனில் எடுத்த படங்களுக்கு வருவது பெரும்பாலும் இதுதான். பழைய வீடியோ காமிரா விநாடிக்கு இத்தனை படம் என்றால் அத்தனையும் ஒழுங்காக எடுக்கும். செல்போன் அப்படியில்லை, விநாடிக்கு 30 என்று சொல்லிக் கொண்டு, வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்ளும், சூடேறினால் ஒன்றிரண்டு விட்டு விடும். சில எடிட்டிங் ஸாஃப்ட்வேர்கள் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 30 என்றே வைத்து ஓட்டுகின்றன. குறைவாக உள்ள படங்களை வேகமாக ஓட்டினால் படம் முன்னால் போய்விடும், சத்தம் தன் வழியில் நிதானமாக வரும். மாமனார் உட்கார்ந்த பிறகும் பேச்சு வந்ததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு எடிட்டிங்கில் நகர்த்தி மாளாது. முதலிலேயே செல்போன் படத்தை ஹேண்ட்பிரேக் என்ற இலவச ஸாஃப்ட்வேரில் போட்டு, வீடியோ பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் 30 என்று வைத்து மாற்றிக் கொள்ளுங்கள். சோற்றுக்கு அரிசி களைகிற மாதிரி, சமைப்பதற்கு முந்தின வேலை இது. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இப்போது இந்த மாதிரிப் படத்தைத் திறந்ததுமே, “மாற்றிக் கொள்ளட்டுமா?” என்று தாமாகவே கேட்கின்றன. அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டி விடாதீர்கள். நான் மைத்துனர் மகனிடம் செல்போனில் எடுத்த மூலப் படத்தை வாங்கி, இப்படி மாற்றி, அதன் பிறகு அவன் தொகுத்த வரிசையிலேயே மறுபடி வைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. கடைசிவரை பொருந்தியது.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளையோ பெண்ணோ அனுப்பும் பழைய காஸெட்டில் இன்னொரு தினுசு. நம் ஊர் டெலிவிஷன் முறையில் விநாடிக்கு 25 படம். அவர்கள் முறையில் 30 என்று பேச்சுக்குச் சொன்னாலும் உண்மையில் 29.97. கறுப்பு வெள்ளையாக இருந்ததில் 1953-ல் வர்ணத்தையும் நுழைத்தபோது செய்து கொண்ட சின்ன சமரசம் அது. இந்த அற்ப வித்தியாசத்தைப் பார்க்காமல் 30 என்று வைத்தால் ஒரு மணி நேரப் படத்தில் 3.6 விநாடி விலகி விடும். ஸாஃப்ட்வேரில் புதுப் படம் ஆரம்பிக்கும்போது எண்ணைக் கேட்கும். மூலப் படத்தில் உள்ள எண்ணையே கொடுங்கள். மூலத்தில் என்ன இருக்கிறது என்பதை மீடியாஇன்ஃபோ என்ற ஸாஃப்ட்வேர் காட்டிக் கொடுக்கும்.

இனி அந்தச் சகோதரியின் அப்பா. இது மூன்றாவது தினுசு, மற்ற இரண்டையும்விடப் பொறுமை கேட்பது.

“டேப்பே அப்படித்தான்” என்று கடைக்காரர் சொன்னதை நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக் கொள்ள மாட்டேன். காஸெட்டில் படமும் சத்தமும் ஒரே நாடாவில் பதிந்திருக்கின்றன. நாடா தேய்ந்தால் படம் நடுங்கும், கோடு விழும், சத்தம் கரகரக்கும். ஆனால் ஒன்றை விட்டு ஒன்று தனியாக நடந்து போக முடியாது. வி.ஸி.ஆர். வைத்திருக்கிறவர் யாரிடமாவது காஸெட்டைக் கொடுத்து, நேரே டி.வி.யில் போட்டுப் பாருங்கள். அங்கே பொருந்தினால் விலகல் மாற்றும்போது வந்தது என்று நிச்சயம். ஒரு எச்சரிக்கை: நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சைக் காளான். அதை அப்படியே போட்டால் நாடாவும் போகும், பெட்டியும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மாற்றும்போது என்ன நடக்கிறது? நாடா மோசமாக உள்ள இடத்தில் கம்ப்யூட்டருக்குச் சில படங்கள் பிடிபடாமல் போகின்றன. சத்தம் மட்டும் விடாமல் பதிகிறது. விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படம் 40 மில்லி விநாடி. ஒன்றிரண்டு போனால் தெரியாது. 25 படம் போய்விட்டால் ஒரு முழு விநாடி. ஆனால் இது கடிகாரம் மெதுவாக ஓடுவது போல ஒரே சீராகப் போவதில்லை. நாடா நன்றாக உள்ள இடத்தில் விலகல் வளராது. கெட்ட இடத்தில் திடீரென்று ஒரு படி ஏறும். மறுபடி அப்படியே நிற்கும். மாடிப்படி மாதிரி. அதனால் மொத்தச் சத்தத்தையும் சற்று வேகமாக்கி இழுத்துக் கட்டுகிற வைத்தியம் இதற்குச் சரிப்படாது.

முடிந்தால் வேறு கடையில் மறுபடி மாற்றச் சொல்வதுதான் உத்தமம். டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அது நடுங்குகிற படத்தை நிதானப்படுத்திக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். படம் விட்டுப் போவது வெகுவாகக் குறையும். சில நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள். அப்பாவின் குரலுக்குக் கொடுக்கலாம்.

அதற்கு வசதியில்லை, காஸெட்டே இப்போது இல்லை என்றால் கையால்தான் செய்ய வேண்டும். மலைத்துப் போகாதீர்கள். கல்யாணக் காஸெட்டில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டுத்தானே ஒட்டியிருப்பார்கள்? பெண் மாலை மாற்றும்போது பின்னால் யாரோ பாடிக் கொண்டிருப்பார்கள். அங்கே எது எதோடு பொருந்த வேண்டும்? மூன்று மணி நேரக் காஸெட்டில் மனிதர்கள் நிஜமாகப் பேசுவது கால் மணி நேரம் தேறினால் அதிகம். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நாம் சரி செய்யப் போகிறோம்.

பேச்சு வருகிற இடங்களை மட்டும் நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பேச்சையும் ஒரு தனித் துண்டாக வெட்டுங்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் சத்தத்தைக் கழற்றி, ‘அப்பா’, ‘அம்மா’ பார்த்துப் பொருத்துங்கள். ஒரு துண்டுக்கு உள்ளேயே படி ஏறினால், பேசுகிறவர் மூச்சு விட நிறுத்துகிற இடத்தில் சத்தத்தை வெட்டி, அந்த மௌனத்திலிருந்து வேண்டிய அளவு எடுத்துவிட்டு மறுபடி சேருங்கள். மௌனத்தில் போட்ட தையல் வெளியே தெரியாது. வார்த்தையின் நடுவில் போட்டால் பல்லிளிக்கும்.

நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற இடத்தில் மட்டும் சத்தத்தை வெட்டவே வெட்டாதீர்கள். தாளத்தில் அரை மாத்திரை போனாலும் சங்கீத ஞானமே இல்லாதவருக்குக்கூட உறுத்தும். அங்கே படத்தில்தான் ஈடு கட்ட வேண்டும். ஒரு படத்தை அரை விநாடி அப்படியே நிறுத்தி வைக்கலாம், அல்லது ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவை நடுவில் செருகலாம். கண் மன்னிக்கிற அளவு காது மன்னிக்காது.

அந்தச் சகோதரியின் அப்பா பேசியது நாலு வார்த்தை என்கிறார். நாலு நிமிஷமே இருக்கட்டும். புதிதாகக் கற்றுக் கொள்கிற கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடிக்கும். அந்தத் துண்டை மட்டும் தனியாக ஒரு படமாகச் செய்து அம்மாவுக்குக் கொடுத்து விடுங்கள். மூன்று மணி நேரமும் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? காது மந்தமாக இருந்தால் முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியும் வைக்கலாம். எங்கள் மாமியாருக்கு அப்படித்தான் செய்தேன். அவருடைய மெஷினுக்குப் பின்னணி இசை ஆகாது என்பதால் பேச்சின்போது மைத்துனர் மகன் போட்டிருந்த வீணையையும் எடுத்து விட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனிமேல் எடுக்கப் போகிற படங்களுக்கு ஒரு வார்த்தை. தனி மைக் வைத்துச் சத்தத்தை வேறு கருவியில் பிடிக்கிறவர்கள், ஆரம்பத்தில் காமிராவுக்கு முன்னால் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் பலமாகக் கை தட்டி வையுங்கள். இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை. லட்சத்தில் ஐந்து பங்கு பிசகினாலே ஒரு மணி நேரக் கச்சேரியில் 0.18 விநாடி ஆகிறது. இரண்டு கைதட்டலுக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் படத்திலும் சத்தத்திலும் அளந்து பார்த்தால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்கு வந்து விடும். படத்தில் 2,400 விநாடி, சத்தத்தில் 2,402.4 விநாடி என்றால் சத்தத்தை 0.1 சதவீதம் வேகமாக்க வேண்டும். ஆடாஸிட்டி என்ற இலவச ஸாஃப்ட்வேரில் வேகத்தை மாற்றும் இடத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. சுருதி மாறுமே என்று பயப்பட வேண்டாம். இந்த அளவுக்குச் சங்கீத வித்வானுக்கும் தெரியாது. கேடென்லைவில் இரண்டு கருவியின் சத்தத்தையும் ஒப்பிட்டுத் தானே பொருத்திக் கொள்கிற வசதியும் இருக்கிறது. ஆனால் அது ஆரம்பத்தை மட்டும்தான் பொருத்தும், ஓட்டத்தைப் பார்க்காது.

வேலை முடிந்து படத்தை வெளியே எடுக்கும்போது சத்தத்துக்கு 48,000 என்ற எண்ணையே வையுங்கள். 44,100 என்பது பாட்டு ஸி.டி.க்கு உரியது. எடுத்த படத்தை முதல் ஐந்து நிமிஷம் பார்த்துத் திருப்திப்பட்டு விடாமல் கடைசி ஐந்து நிமிஷத்தைப் போட்டுப் பாருங்கள். கடையிலிருந்து வாங்கி வந்த மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் இன்னொன்று அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும்.

பழைய ஆடியோ காஸெட்டில் உள்ள குரல்களில் ‘உஸ்’ஸென்ற இரைச்சலைக் குறைப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அது அடுத்த இதழில்.